சிவப்பணுச் சிதைவுச் சோகை: தேர்வுக்கு முக்கியக் குறிப்புகள்

செவிலியர், ஆய்வக நுட்புநர் பணிக்கான தேர்வுகளுக்குப் படிப்பவர்களும் மருத்துவ மாணவர்களும் ஹீமோலிட்டிக் அனீமியா பாடத்தில் தடுமாறுவதற்குக் காரணம், நோய்ப் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வதுதான். அப்படிப் படித்தது நான்கு நாளில் கலைந்துபோகும். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்டுப் பழகுங்கள். சிவப்பணு உண்மையிலேயே சிதைகிறதா? எங்கே சிதைகிறது? கூம்ப்ஸ் சோதனை பாசிட்டிவா, நெகட்டிவா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், மீதியை இரத்தப் பூச்சுக் கண்ணாடித் தகடே சொல்லிவிடும்.

அடிப்படை

• சிவப்பணுவின் இயல்பான ஆயுள் 120 நாள். அதற்கு முன்பே சிதைந்தால் ஹீமோலிசிஸ். சிதையும் வேகத்துக்கு எலும்பு மஜ்ஜையால் ஈடுகொடுக்க முடியாதபோதுதான் சோகை வரும்.

• மஜ்ஜை தன் உற்பத்தியை 6 முதல் 8 மடங்கு வரை கூட்டும். அதனால் சிவப்பணுவின் ஆயுள் பாதியாகக் குறைந்தாலும் ஹீமோகுளோபின் இயல்பாகவே இருக்கலாம். இது ஈடுசெய்யப்பட்ட ஹீமோலிசிஸ். 'ஹீமோகுளோபின் இயல்பு, ஆகவே சிதைவு இல்லை' என்று வரும் கூற்று தவறு.

• சிதைவுக்கான ஆதாரங்கள் நான்கு: ரெட்டிகுலோசைட் கூடும், எல்.டி.எச். கூடும், மறைமுக பிலிருபின் கூடும், ஹாப்டோகுளோபின் குறையும்.

• ரெட்டிகுலோசைட் இயல்பு அளவு பெரியவர்களில் சுமார் 0.5 முதல் 2.5 சதவீதம். ரெட்டிகுலோசைட் அளவில் பெரியது; ஆகவே அது மிகுந்தால் எம்.சி.வி.யும் சற்று ஏறும். பி12 குறைபாடு என்று அவசரப்பட வேண்டாம்.

• ஹாப்டோகுளோபின் கல்லீரலில் உருவாகும் புரதம். பிளாஸ்மாவில் கசியும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு போவது அதன் வேலை. கல்லீரல் நோயிலும் அது குறையும். காய்ச்சல், அழற்சியில் கூடும். அதனால் தனியாக அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

• கண் மஞ்சளாக இருக்கும், ஆனால் சிறுநீரில் பிலிருபின் இருக்காது, யூரோபிலினோஜன் மிகுந்திருக்கும். காரணம், மறைமுக பிலிருபின் அல்புமினோடு ஒட்டியிருப்பதால் சிறுநீரகத்தில் வடிகட்டப்படாது. மஞ்சள் காமாலை என்றதும் கல்லீரல் என்று பதில் எழுதும் பழக்கத்தை இந்த ஒரு குறிப்பு முறிக்கும்.

• நீண்டகாலச் சிதைவில் பித்தப்பையில் நிறமிக் கற்கள் சேரும். சிறுவயதிலேயே பித்தக்கல் என்று வினாவில் வந்தால் ஹீமோலிசிஸை நினையுங்கள்.

எங்கே சிதைகிறது?

பெரும்பாலான நோய்களில் சிதைவு நாளங்களுக்கு வெளியே, மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ்களால் நடக்கிறது. மண்ணீரல் வீங்கும், மஞ்சள் காமாலை இருக்கும், சிறுநீர் சிவக்காது. நாளங்களுக்குள்ளேயே செல் உடைந்தால் கதை வேறு. ஹீமோகுளோபின் நேராகப் பிளாஸ்மாவில் கொட்டுகிறது, ஹாப்டோகுளோபின் தீர்ந்துபோகிறது, மிச்சம் சிறுநீரில் இறங்கி அது கோலா நிறமாகிறது. பொருந்தாத ஏ.பி.ஓ. வகை இரத்தம் ஏற்றியது, பி.என்.எச்., கடுமையான ஜி6பிடி சிதைவு, ஃபால்சிபாரம் மலேரியா, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் கிருமித் தொற்று, கண்ணாடி விரியன் கடி ஆகியவை இந்த வகையில் அடிக்கடி கேட்கப்படுபவை.

ஆய்வகத் தேர்வருக்கு இங்கே ஒரு நல்ல வினா உண்டு. சிறுநீர் சிவப்பாக இருக்கிறது. டிப்ஸ்டிக் பட்டை 'இரத்தம் உண்டு' என்கிறது. நுண்ணோக்கியில் ஒரு சிவப்பணுகூட இல்லை. அப்படியென்றால் அது ஹீமோகுளோபினாகவோ தசையிலிருந்து வந்த மயோகுளோபினாகவோ இருக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது? நோயாளியின் இரத்தத்தைச் சுழற்றி மேலே தெளியும் பிளாஸ்மாவைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் ஹீமோகுளோபின். வழக்கமான வெளிர்மஞ்சளாக இருந்தால் மயோகுளோபின். இரத்தம் எடுக்கும்போதே ஊசியில் செல் உடைந்தாலும் பிளாஸ்மா சிவக்கும் என்பதால், சந்தேகம் இருந்தால் மறுபடி மாதிரி எடுத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

• சிதைவு நடந்து சில நாள் கழிந்தும் சிறுநீரில் ஹீமோசிடரின் கிடைக்கும். அதற்கான சாயம் பிரஷ்யன் நீலம்.

கூம்ப்ஸ் சோதனை

• 1945இல் கேம்பிரிட்ஜில் கூம்ப்ஸ், மூரண்ட், ரேஸ் மூவரும் வெளியிட்டது. நேரடிச் சோதனை சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளைக் காட்டும். மறைமுகச் சோதனை சீரத்தில் மிதப்பதைக் காட்டும்.

• ஆர்.எச். பிரச்சினையில் குழந்தைக்கு நேரடிச் சோதனை, தாய்க்கு மறைமுகச் சோதனை. இதை மாற்றிப்போட்டு விடைத்தொகுதி அமைப்பார்கள்.

• நேரடிச் சோதனை பாசிட்டிவ் என்றால் எதிர்ப்பொருள் வழிச் சிதைவு. நெகட்டிவ் என்றால் செல்லின் உறை, என்சைம், ஹீமோகுளோபின் ஆகியவற்றில் பிறவிக் குறை, அல்லது நாளத்தில் நைந்து உடைதல், அல்லது பி.என்.எச்., தொற்று, நஞ்சு.

• இளைஞர் ஒருவருக்குக் கூம்ப்ஸ் நெகட்டிவ் சிதைவும் கல்லீரல் பாதிப்பும் சேர்ந்து வந்தால் வில்சன் நோய். கல்லீரலிலிருந்து வெளியேறும் செம்பு சிவப்பணுவை உடைக்கிறது. செருலோபிளாஸ்மின் குறைந்திருக்கும், கருவிழி ஓரத்தில் கைசர்–ஃபிளெய்ஷர் வளையம் தெரியும்.

செல் உறைக் குறை: மரபுவழி ஸ்பீரோசைட்டோசிஸ்

• பெரும்பாலும் ஓங்கு பண்பாகக் கடத்தப்படுவது. ஆங்கிரின், ஸ்பெக்ட்ரின், பேண்ட் 3, புரதம் 4.2 ஆகியவற்றில் ஒன்றில் குறை.

• உறை சிறிது சிறிதாக இழக்கப்பட்டு செல் உருண்டையாகிறது. நடுவில் வெளிறல் இருக்காது. எம்.சி.எச்.சி. உயர்ந்திருக்கும், பிற சோகைகளில் அரிதாகவே காணும் அடையாளம் இது.

• பழைய சோதனை ஆஸ்மாட்டிக் ஃப்ரஜிலிட்டி. இப்போது ஃப்ளோ சைட்டோமெட்ரியில் இ.எம்.ஏ. பிணைப்புச் சோதனை.

• ஸ்பீரோசைட் கண்டதும் இந்த நோய் என்று எழுதிவிடக் கூடாது. ஆட்டோஇம்யூன் சிதைவிலும் அவை வரும். பிரித்துக் காட்டுவது கூம்ப்ஸ் சோதனைதான்.

• மண்ணீரலை அகற்றினால் சோகை சரியாகும். உருண்டைச் செல்கள் அப்படியே இருக்கும். குழந்தைக்கு 6 வயதுக்கு மேல்தான் அகற்றுவார்கள். அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் தடுப்பூசிகள்.

என்சைம் குறை: ஜி6பிடி

தமிழ்நாட்டில் பணியாற்றப்போகும் ஒருவர் இந்தப் பாடத்தில் ஒரே ஒரு நோயைத்தான் ஆழமாகப் படிக்க முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். உலகில் மிகப் பரவலான என்சைம் குறை இது. சுமார் 40 கோடிப் பேருக்கு இருப்பதாகக் கணக்கு. எக்ஸ் குரோமோசோமோடு வருவதால் ஆண்களிடம்தான் அதிகம் வெளிப்படும்.

ஜி6பிடி என்சைம் வேலை செய்தால்தான் சிவப்பணுவுக்கு என்.ஏ.டி.பி.எச். கிடைக்கும், அது கிடைத்தால்தான் குளூட்டத்தயோன் ஆக்சிஜனேற்ற நஞ்சைத் தடுக்கும். சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை, என்.ஏ.டி.பி.எச். பெற இதைவிட்டால் வேறு வழியும் இல்லை. நஞ்சு தாக்கியதும் ஹீமோகுளோபின் உருக்குலைந்து ஹைன்ஸ் துகளாக உறையில் படிகிறது. மண்ணீரல் அந்தத் துகளைக் கிள்ளி எடுக்கும்போது செல்லின் ஓரம் கடித்த பிஸ்கட்போல ஆகிவிடும். அதுதான் பைட் செல்.

• ஹைன்ஸ் துகள் லீஷ்மன் சாயத்தில் தெரியாது. உயிர்ச்செல் சாயமான கிரிஸ்டல் வயலட் அல்லது மெத்தில் வயலட் வேண்டும்.

• குறையின் காரணம் 1956இல் கண்டறியப்பட்டது. மலேரியா மருந்தான பிரைமாகுயின் சிலருக்கு மட்டும் ஏன் சிவப்பணுவை உடைக்கிறது என்று தேடிப்போனவர்களின் கையில் இந்த என்சைம் சிக்கியது.

• தவிர்க்க வேண்டியவை: பிரைமாகுயின், டஃபெனோகுயின், டாப்சோன், நைட்ரோஃபுரான்டாயின், ராஸ்புரிகேஸ், மெத்திலீன் நீலம். உணவில் ஃபாவா அவரை. மத்தியதரைக்கடல் நாடுகளின் உணவு அது, நம் ஊர் அவரைக்காய் அல்ல. அவரைக்காயை நிறுத்தச் சொல்லி நோயாளியைப் பயமுறுத்தாதீர்கள்.

• பாச்சை உருண்டை. நாப்தலீனால் ஆனது. பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த பழைய துணியை எடுத்துப் பச்சிளம் குழந்தைக்குச் சுற்றுவது நம் வீடுகளில் சாதாரணம். ஜி6பிடி குறை உள்ள குழந்தைக்கு அந்த ஆவியே போதும். மஞ்சள் ஏறி, பிலிருபின் மூளையில் படிந்து கெர்னிக்டெரஸ் வரை போகலாம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் என்று கொண்டுவரும் தாயிடம் துணி எங்கே வைத்திருந்தது என்று கேட்பது செவிலியரின் வேலை. துவைத்து வெயிலில் உலர்த்திய துணியையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

• பெரும்பொறி: சிதைவு மும்முரமாக இருக்கும்போது என்சைம் அளவு இயல்பு என்று வரலாம். என்சைம் குறைந்த முதிய செல்கள் எல்லாம் அழிந்துவிட்டன. மிஞ்சியிருக்கும் இளஞ்செல்களிலும் ரெட்டிகுலோசைட்டுகளிலும் என்சைம் ஓரளவு உண்டு. சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

• வைவாக்ஸ் மலேரியாவை வேரறுக்க வழக்கமாகப் பிரைமாகுயின் 14 நாள். ஜி6பிடி குறை இருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி மருத்துவக் கண்காணிப்பில் எடைக்குக் கிலோ ஒன்றுக்கு 0.75 மி.கி., வாரம் ஒருமுறை, 8 வாரம்.

பைருவேட் கைனேஸ் குறை ஒடுங்கு பண்பு. இதில் 2,3-டி.பி.ஜி. கூடுவதால் ஆக்சிஜன் எளிதில் திசுக்களுக்கு விடப்படுகிறது. ஆகவே ஹீமோகுளோபின் குறைந்தாலும் நோயாளி ஓரளவு தாங்குவார். இதற்கான மாத்திரை மிட்டாபிவாட், அமெரிக்காவில் 2022இல் அனுமதி.

ஹீமோகுளோபின் குறை

• கதிர் அரிவாள் செல் சோகை: பீட்டா சங்கிலியின் 6ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். 1910இல் ஜேம்ஸ் ஹெரிக் விவரித்தார். 1949இல் லைனஸ் பாலிங் குழு இதை மூலக்கூறு நோய் என்று காட்டியது.

• இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். லேமன், கட்புஷ் என்ற இருவரின் ஆய்வு அது. தமிழ்நாட்டுத் தேர்வருக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

• தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசம் ஷாடோலில் தொடங்கப்பட்டது. இலக்கு ஆண்டு 2047. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது திட்டம். உலக நாள் ஜூன் 19.

• ஒரே ஒரு ஜீன் மட்டும் மாறியவர் கடத்துநர். அவருக்கு ஃபால்சிபாரம் மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்பு உண்டு. பெற்றோர் இருவரும் கடத்துநர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. 'நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்கு வரும்' என்று மக்களிடம் சொல்லாதீர்கள். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

• ஆறு மாதம் வரை கருநிலை ஹீமோகுளோபின் காப்பாற்றும். முதல் அறிகுறி பெரும்பாலும் கை, கால் விரல்கள் வலியோடு வீங்குவது.

• கரைதிறன் சோதனையால் நோயாளியையும் கடத்துநரையும் பிரிக்க முடியாது. எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோஃபோரெசிஸ் வேண்டும்.

• மண்ணீரல் தானாகவே சுருங்கி அழியும். இரத்தப் பூச்சில் ஹோவல்–ஜாலி துகள் அதற்குச் சாட்சி. இ.எஸ்.ஆர். குறைந்திருக்கும்.

• ஹைட்ராக்சியூரியா கருநிலை ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. கிரிஸ்பர் ஜீன் திருத்தச் சிகிச்சையான காஸ்கெவி 2023இல் முதலில் பிரிட்டனிலும் அடுத்து அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. வாக்செலோட்டரை 2024 செப்டம்பரில் நிறுவனமே திரும்பப் பெற்றது. பழைய வழிகாட்டிகளில் அது இன்னும் இருக்கும், கவனம்.

• தலசீமியா: ஆல்ஃபா ஜீன்கள் நான்கு, 16ஆவது குரோமோசோமில், பீட்டா ஜீன்கள் இரண்டு, 11ஆவதில். பெரிய பீட்டா வகையை 1925இல் தாமஸ் கூலி விவரித்தார். இதில் செல்கள் மஜ்ஜையிலேயே பெருமளவு மடிவதால், சோகையின் கடுமைக்கு ஏற்ற அளவு ரெட்டிகுலோசைட் ஏறாது. உலக நாள் மே 8.

• பீட்டா கடத்துநரிடம் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல். மென்ட்சர் எண், அதாவது எம்.சி.வி.யை மில்லியனில் எண்ணிய சிவப்பணுவால் வகுத்தால் வருவது, 13க்குக் கீழ் என்றால் தலசீமியா பக்கம். மேல் என்றால் இரும்புக் குறைபாடு பக்கம். இரும்புக் குறைபாடும் சேர்ந்திருந்தால் ஏ2 தாழ்ந்து கடத்துநர் தப்பிவிடக்கூடும்.

கூம்ப்ஸ் பாசிட்டிவ் சோகைகள்

• வெப்ப வகை: ஐஜிஜி, 37 டிகிரியில் ஒட்டும், சிதைவு மண்ணீரலில். லூபஸ், நாட்பட்ட லிம்போசைட் லுக்கீமியா, மெத்தில்டோபா ஆகியவை பின்னணியில் இருக்கலாம். முதல் சிகிச்சை பிரெட்னிசோலோன், கிலோவுக்கு 1 மி.கி. அடுத்தது ரிட்டுக்சிமாப், பிறகு மண்ணீரல் அகற்றல்.

• குளிர் வகை: ஐஜிஎம். செல்லின் மேல் மிஞ்சியிருப்பது சி3டி மட்டுமே. மைக்கோபிளாஸ்மா நிமோனியாவில் ஆன்டி-பெரிய ஐ, எப்ஸ்டீன்–பார் வைரஸில் ஆன்டி-சின்ன ஐ. ஸ்டீராய்டும் மண்ணீரல் அகற்றலும் இதில் அவ்வளவாகப் பயன் தராது. சிதைவு பெரும்பாலும் கல்லீரலில் நடக்கிறது. உடலைச் சூடாக வைத்திருப்பது, ரிட்டுக்சிமாப், காம்ப்ளிமென்ட் தடுப்பான் சுடிம்லிமாப்.

குளிர் வகையை முதலில் கண்டுபிடிப்பவர் பல நேரம் ஆய்வக நுட்புநர்தான். கவுண்டர் இயந்திரத்தில் சிவப்பணு எண்ணிக்கை படுமோசமாகக் குறைந்து, எம்.சி.வி.யும் எம்.சி.எச்.சி.யும் நம்பமுடியாத உயரத்தில் வரும். குழாயைச் சாய்த்துப் பார்த்தால் சுவரில் மணல்மணலாகத் திரள் தெரியும். செல்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டதை இயந்திரம் ஒரே பெரிய செல்லாக எண்ணிவிட்டது. குழாயை 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து எடுத்து உடனே மறுபடி ஓட்டினால் எண்கள் நேராகும். அந்த முதல் அறிக்கையை அப்படியே அச்சிட்டு அனுப்பினால் நோயாளி தவறான பாதையில் போவார்.

• டோனாத்–லாண்ட்ஸ்டெய்னர் எதிர்ப்பொருள், 1904: ஐஜிஜி, ஆன்டி-பி. குளிரில் ஒட்டும், சூட்டில் உடைக்கும். இன்று பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலுக்குப் பின் குழந்தைகளிடம்.

• ஆட்டோஇம்யூன் சிதைவோடு தட்டணுக் குறைவும் சேர்ந்தால் ஈவன்ஸ் கூட்டறிகுறி.

• மருந்துகள்: பென்சிலின், செஃப்ட்ரையாக்சோன். முதலில் மருந்தை நிறுத்த வேண்டும்.

ஆர்.எச். பொருந்தாமை

• ஆர்.எச். காரணி 1940இல் லாண்ட்ஸ்டெய்னர், வீனர் கண்டறிந்தது.

• ஆர்.எச். நெகட்டிவ் தாய்க்கு ஆன்டி-டி 300 மைக்ரோகிராம்: 28ஆவது வாரத்தில் ஒன்று, குழந்தை ஆர்.எச். பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் மற்றொன்று. கருச்சிதைவுக்கும் கருக்கலைப்புக்கும் பிறகும் ஆன்டி-டி தேவைப்படுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகிவிட்ட பிறகு போட்டுப் பயனில்லை.

• தாயின் இரத்தத்தில் கலந்த கருவின் இரத்த அளவைக் கணக்கிடுவது கிளைஹவர்–பெட்கே சோதனை.

• ஏ.பி.ஓ. பொருந்தாமை முதல் குழந்தைக்கே வரலாம், ஆர்.எச். பொதுவாக அடுத்த குழந்தையிலிருந்து.

• ஆன்டி-டி மருந்துக்காக 1173 முறை இரத்தம், பிளாஸ்மா தந்தவர் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன். 2025 பிப்ரவரியில் காலமானார்.

உடைந்த செல்லும் தட்டணுக் குறைவும்

இரத்தப் பூச்சில் ஹெல்மெட், முக்கோண வடிவத் துண்டுகள் தெரிகின்றன, தட்டணு குறைந்திருக்கிறது, கூம்ப்ஸ் நெகட்டிவ். இது அவசரம். மறுநாள் காலைவரை தள்ளிப்போடக் கூடாத இரத்தப் பூச்சு இது ஒன்றுதான் என்பேன்.

• டி.டி.பி.: ஆடம்ட்ஸ்13 என்சைம் 10 சதவீதத்துக்குக் கீழ். பி.டி., ஏ.பி.டி.டி. இயல்பாக இருக்கும், டி.ஐ.சி.யில் அவை நீண்டிருக்கும். சிகிச்சை பிளாஸ்மா மாற்று; அதைத் தொடங்க ஆடம்ட்ஸ்13 முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் வரை இறப்பார்கள். உயிருக்கு ஆபத்தான இரத்தக்கசிவு இருந்தால் தவிர தட்டணு ஏற்றுவதில்லை.

• குழந்தைக்கு இரத்தக் கழிச்சலைத் தொடர்ந்து சிறுநீரகம் செயலிழந்தால் எச்.யூ.எஸ். காரணம் ஈ.கோலை ஓ157:எச்7 கிருமியின் ஷிகா நஞ்சு.

• பி.என்.எச்.: மஜ்ஜைச் செல்லில் பிற்பாடு நேரும் பிக்-ஏ ஜீன் மாற்றம். பரம்பரை நோய் அல்ல. சிடி55, சிடி59 இல்லாததால் காம்ப்ளிமென்ட் செல்லை உடைக்கிறது. கல்லீரல் சிரை போன்ற வழக்கமல்லாத இடங்களில் இரத்தம் உறையும். கண்டறிய ஃப்ளோ சைட்டோமெட்ரி. எகுலிசுமாப் 2007இல் வந்தது. தொடங்கும் முன் மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி கட்டாயம். வாய்வழி மருந்து இப்டாகோபான், 2023.

எல்லாவற்றுக்கும் பொதுவானவை

• ஃபோலிக் அமிலம் தொடர்ந்து தர வேண்டும். மஜ்ஜை இரவுபகலாகச் செல் உருவாக்குவதால் ஃபோலேட் தீர்ந்துபோகும்.

• நாட்பட்ட சிதைவு உள்ளவருக்குத் திடீரென ஹீமோகுளோபின் சரிந்து, ரெட்டிகுலோசைட்டும் இல்லாமல்போனால் பார்வோ வைரஸ் பி19.

• இரும்பு மாத்திரை: மண்ணீரலில் செல் சிதைந்தால் இரும்பு உடலிலேயே தங்குகிறது, தலசீமியாவில் அது மிதமிஞ்சி இதயத்தைக் கெடுக்கும். சோகை என்றதும் மாத்திரை எழுதுவது இங்கே தீங்கு. ஆனால் பி.என்.எச். போல நாளத்துக்குள் சிதைந்தால் சிறுநீரில் இரும்பு இழக்கப்படும். அங்கே குறைபாடு வரலாம். ஃபெரிட்டின் பார்த்துத்தான் தர வேண்டும்.

• இரத்தம் ஏற்றுதல்: ஆட்டோஇம்யூன் வெப்ப வகையில் எதிர்ப்பொருள் எல்லோருடைய செல்லோடும் ஒட்டும். இரத்த வங்கியில் எந்தப் பையும் கிராஸ்மேட்சில் பொருந்தாது. முன்பு இரத்தம் ஏற்றியதாலோ கர்ப்பத்தாலோ உருவான வேறு எதிர்ப்பொருள் உள்ளே மறைந்திருக்கிறதா என்று தேடிவிட்டு, ஏ.பி.ஓ., ஆர்.எச். ஒத்த, மிகக் குறைவாக ஒட்டும் பையைத் தேர்ந்து மெதுவாக ஏற்றி, அருகிலேயே நின்று கவனிக்க வேண்டும். மூச்சுத்திணறலோடும் நெஞ்சுவலியோடும் இருக்கும் நோயாளிக்கு, பொருந்தும் இரத்தம் கிடைக்கவில்லை என்று சொல்லி இரத்தம் ஏற்றாமல் விடுவது தவறு.